ஓரவஞ்சனை ஒழிப்புத் துறை

தலைவர் ஒருமுறை வானொலியில் பேசும்போது, "என் ஆட்சியில் ஓரவஞ்சனைக்கு இடமே கிடையாது" என்று சொல்லிவிட்டார். வேண்டியவனுக்கு ஒரு நியாயம், வேண்டாதவனுக்கு ஒரு நியாயம் என்பது இனி நடக்காது என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம். எந்த அர்த்தமும் இல்லாமலும் சொல்லியிருக்கலாம். எப்படியானாலும் அது உத்தரவு. தலைமைச் செயலாளர் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அதன் நடுவில் ஒரு கோடு போட்டார். ஓரம், வஞ்சனை. அதாவது, ஓரத்தில் நடக்கும் வஞ்சனை.

எந்த ஓரத்தில் என்பதுதான் விளங்கவில்லை. மேசையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், நேர்மையாக இருந்தது. கைக்குட்டையின் ஓரத்தைப் பார்த்தார், தையலில் குறையில்லை. கடைசியில் தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தபோது, படத்தில் காதை ஒட்டி வெள்ளையாக ஒரு பிசிறு தெரிந்தது. படம் பிடித்த இடத்துச் சுவரின் மிச்சம் அது. ஆளை வெட்டியெடுத்து நீலப் பின்னணியில் ஒட்டிய கடைக்காரன் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கிறான். செயலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வஞ்சனை கையும் களவுமாகப் பிடிபட்டது.

ஓரவஞ்சனை ஒழிப்புத் துறை இப்படித்தான் பிறந்தது.

துறையின் வேலை முறை பின்வருமாறு. ஒவ்வொருவருடைய அட்டைப் படமும் கணினியில் திறக்கப்படும். ஆளை மட்டும் வெட்டியெடுத்து, அவருக்குப் பின்னால் ஒரே நிறத்தை நிரப்புவார்கள். முதலில் வெள்ளை, அப்புறம் கறுப்பு, கடைசியில் சிவப்பு. வெள்ளையில் பதுங்கிய பிசிறு கறுப்பில் பல்லிளிக்கும். கறுப்பில் ஒளிந்தது வெள்ளையில் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் டிமிக்கி கொடுத்ததைச் சிவப்பு பிடித்துவிடும். படக்கடைகளில் தினமும் செய்கிற வேலைதான். பிசிறு தெரிந்தால் அங்கே அழிப்பானை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார்கள், தீர்ந்தது.

துறையில் அப்படித் தீர்க்க முடியாது. இதை இயக்குநர் தொடக்க விழாவிலேயே விளக்கினார். "படத்தைத் திருத்தினால் அது ஆவண மோசடி. நாங்கள் அரசாங்கம், மோசடி செய்ய மாட்டோம். படம் படமாகவே இருக்கும். ஆளைத் திருத்துவோம். அதற்குப் பெயர் நிர்வாகம்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

திருத்தியும் பொருந்தாதவர்களுக்கு விதியில் ஒரு வழி சொல்லப்பட்டிருந்தது. ஓரம் உறுதியாகாத ஆள், ஆள் அல்ல, பின்னணி. பின்னணியை நீக்கிவிட்டு ஒரே நிறம் அடிக்க வேண்டும்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். படத்தில் அவர் மீசையின் ஒரு நுனி சுவரோடு போய்விட்டது. நேரில் இரண்டு நுனியும் இருந்தால் வம்பு என்று பயந்து, அளக்கக் கூப்பிடுவதற்கு முன்பே அவர் மீசை முழுவதையும் மழித்துவிட்டார். படத்தில் முக்கால் மீசை இருந்தது, முகத்தில் ஒன்றுமில்லை. மூடிய வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் அவருடைய கடைப்பலகை, நாற்காலி, சுவரில் தொங்கிய கடிகாரங்கள் எல்லாவற்றின்மீதும் சாம்பல் நிறம் ஒரே பூச்சாக அடிக்கப்பட்டது. பூச்சுக்கு அடியில் ஒரு கடிகாரம் மட்டும் கொஞ்ச நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அதே தெருவில் குடியிருந்த பேருந்து நடத்துனருக்கு முறை வந்தபோது, அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பயணச்சீட்டுப் பையைக்கூடக் கழற்றாமல் அலுவலகம் போனார். அரை மணியில் திரும்பிவிடலாம் என்று அவருடைய எண்ணம். பேருந்தைத் தெருமுனையில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஓட்டுநர், "சீக்கிரம் வாய்யா, பயணிங்க கத்தறாங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

காத்திருப்போர் கூடத்தில் நல்ல கூட்டம். ஆனால் சத்தமில்லை. உள்ளேயிருந்து அவ்வப்போது ஓர் அலறல் வரும். உடனே சுவரில் அடுத்த எண் எரியும். கணக்கு ஆசிரியர் ஒருவர் தலையின் இடப்பக்கம் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து நடத்துனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

"ஒரு காதுதான் போச்சு. கடைக்காரன் படத்துல காதை ஒட்ட வெட்டிட்டான். தலையைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சிருந்தேன், ஒண்ணு தப்பிச்சுது. நேராப் பாத்திருந்தா ரெண்டும் போயிருக்கும்."

"வலிக்கலையா சார்?"

"வலிக்காம? ஆனா முடிஞ்சுதுல்ல. இப்ப நான் யாருன்னு ஒரு உறுதி வந்துருச்சு."

எதிர் வரிசையில் உயரமான ஒருவர் இருந்தார். அவர் படத்தில் உச்சந்தலை சட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம். எண் எரிந்ததும், பக்கத்திலிருந்தவரிடம் குடையைக் கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார். குடையைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

நடத்துனரைக் கூப்பிட்டார்கள். ஓரம் பார்க்கும் பெண் கணினிக்கு முன்னால் அமர்ந்திருந்தாள். மேலே ஒரு கேமரா. அது ஆளைப் பிடிக்கும். கணினி அதைப் படத்தின்மேல் வைத்து ஒப்பிடும். பொருந்தினால் பச்சை விளக்கு.

"உக்காருங்க. ஆடாதீங்க. மூச்சு விடலாம், ரொம்ப இழுத்து விடாதீங்க, தோள் ஏறுது." வெள்ளையை நிரப்பிப் பார்த்தாள். "சுத்தம்." கறுப்பை நிரப்பினாள். கை நின்றுவிட்டது. "சார், உங்க வலது தோள்ல என்ன?"

"ஒண்ணும் இல்லையேம்மா."

"இருக்கே. நாலு விரல் இருக்கே."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். கறுப்புப் பின்னணியில் நடத்துனர் மட்டும் தனியாக நின்றார். அவருடைய தோளின் மேல், முதுகுப் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் நான்கு விரல்கள். கேமரா வெளிச்சத்தில் வெளுத்துப்போன விரல்கள். வெள்ளையில் கரைந்திருந்தவை, கறுப்பில் முத்துப்போல் பளிச்சிட்டன. ஒன்றில் மோதிரம்கூட இருந்தது.

நடத்துனருக்கு உயிர் வந்தது. "அட, அது என் வீட்டுக்காரி விரல்மா. கல்யாணத்துல எடுத்த படம். தோள்ல கை போட்டுட்டு நின்னா. கடைக்காரன் அவளை வெட்டிட்டு விரலை மட்டும் விட்டுட்டான் போலிருக்கு."

"யாரோட விரல்னு நான் கேக்கலை. எங்க இருக்குன்னு கேக்கறேன்."

"இப்பவா? கடையில இருக்கும். கறி வெட்டிட்டு இருக்கும்."

அவள் பொறுமையாகத் திரையைத் தொட்டுக் காட்டினாள். "எறும்பு ஊர்ற மாதிரி ஒரு கோடு ஓடுது பாருங்க. அதான் உங்க எல்லை. அதுக்குள்ள இருக்கறதெல்லாம் நீங்க. விரல் உள்ள இருக்கு. அப்ப விரலும் நீங்கதான். நீங்க வீட்டைவிட்டுக் கெளம்பும்போது முழுசாக் கெளம்பி வரணும் சார்."

"வேற படம் எடுத்துட்டு வந்து தரட்டுமா?"

பின்னால் கத்தரிக்கோல் தீட்டிக்கொண்டிருந்த திருத்துனர் கையை நிறுத்தினார். உதவி இயக்குநர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"படத்தை மாத்தறதா? நீங்க சொன்னது என் காதுல விழலை. உங்களைப் பாத்தாக் குடும்பஸ்தனா இருக்கீங்க, அதனால விழலை. நாளைக்குக் காலையில விரலோட வாங்க. தனியா எடுத்துட்டு வந்தாலும் சரி, ஆளோட கூட்டிட்டு வந்தாலும் சரி, இங்கேயே எடுத்துத் தைச்சுருவோம். இவர் தையல் பிரமாதமா இருக்கும். வரலேன்னா, சாயங்காலம் வண்டி வரும். எந்தத் தெரு உங்களுக்கு?"

நடத்துனர் தெருவைச் சொன்னார். உதவி இயக்குநர் முகம் மலர்ந்தது. "அங்க ஏற்கெனவே சாம்பல் பூச்சு பாதி டப்பா மிச்சம் இருக்கு. வசதியாப் போச்சு."

நடத்துனரின் மனைவிக்குத் தெருக்கோடியில் இறைச்சிக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அவள் ஆட்டுத்தொடை ஒன்றை மரக்கட்டையில் கிடத்தி எலும்பு பார்த்து வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எந்தக் கை?"

"வலது."

"கத்தி புடிக்கிற கை."

"ஆமா."

"நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"கேட்டுச் சொல்றீங்களா!" கத்தி கட்டையில் இறங்கி அப்படியே நின்றது. "நாலு விரலை! பக்கத்து வீட்டுல சர்க்கரை கேக்கற மாதிரி கேட்டுச் சொல்றாராம். அன்னைக்கே எங்கம்மா சொன்னா, தோள்ல கை போடாதடி, அடங்காதவன்னு சொல்லுவாங்கன்னு. அடங்காதவன்னு சொன்னாப் பரவாயில்ல, விரலைக் கேப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"உனக்கு வேணாம்னா விட்டுரு. நான் பின்னணியாப் போயிடறேன்."

"போயிருவீங்க, போயிருவீங்க. ஒரு நாள் பல்லு வலி வந்ததுக்கு ஊரைக் கூட்டுன ஆளு, பின்னணியாப் போறாராம்." அவள் எலும்பை ஒரே போடாகப் பிளந்தாள். முகத்தைத் தோள்பட்டையால் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான் என்று நடத்துனர் நினைத்துக்கொண்டார். "எனக்கு இந்தக் கை இல்லேன்னா இந்தக் கடை இல்ல. நீங்க இல்லேன்னா..." என்று தொடங்கியவள், முடிக்காமல் கத்தியைக் கழுவப் போய்விட்டாள்.

அன்று இரவு சோறு போட்டாள்; சாப்பிட்டார். அவள் சாப்பிடும்போது அவர் அவளுடைய விரல்களைப் பார்க்காமல் இருக்க முயன்றார். "என்ன, கடைசியாப் பாத்துக்கறீங்களா?" என்றாள்.

காலையில் கடையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கறி வெட்டும் பெரிய கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"அது எதுக்கு?"

"அவங்க கத்தரிக்கோல் மொக்கையா இருந்தா? வலியாவது குறையட்டும்."

அலுவலக வாசலில் காவலர் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே வருகிற எதுவானாலும் ஓரம் பார்க்காமல் விடக்கூடாது என்று உத்தரவு. கத்தியை எடுத்து வெள்ளைப் பலகையில் வைத்தார். பிறகு கறுப்புப் பலகையில் வைத்தார். சிவப்பிலும் வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இந்த மாதிரி ஒரு சுத்தமான ஓரத்தை இந்த ஆபீஸ்ல நான் பாத்ததே இல்லம்மா. ஒரு பிசிறு இல்ல. எடுத்துட்டுப் போங்க. உள்ள இருக்கறவங்களும் பாக்கட்டும்."

திருத்தும் அறையில் இயக்குநரே வந்திருந்தார். விரல் குறைவான வழக்குகள் நிறைய வந்திருக்கின்றன; விரல் கூடுதலான வழக்கு இதுதான் முதல். தையல் முடிந்ததும் படம் பிடித்துச் செய்திக் குறிப்பு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. நடத்துனரைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். வலது தோள் பக்கம் சட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள்.

"பயப்படாதீங்க" என்று இயக்குநர் அவருக்குப் பின்னால் வந்து நின்று, தோளில் கையை வைத்தார். பொதுமக்களை ஆறுதல்படுத்தும்போது தோளில் கை வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "ரத்தம் வரத்தான் செய்யும். நாடு முன்னேறும்போது ரத்தம் வராம..."

பச்சை விளக்கு எரிந்தது.

ஓரம் பார்க்கும் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், பொருந்துது!"

"எது?"

"நீங்க கை வெச்சதும் பொருந்துது. விரல் இருக்கற எடம், சாய்வு, எல்லாம் அச்சு அசல். மோதிரம்கூட அதே விரல்ல. கல்லுதான் கொஞ்சம் பெருசு."

இயக்குநர் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். விளக்கு அணைந்தது. மறுபடி வைத்தார், எரிந்தது. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நடத்துனரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கறுப்புப் பின்னணியைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். படத்துல இருக்கற விரல்ல பேரு ஏதாவது எழுதியிருக்கா?"

இயக்குநருக்குக் கேள்விகள் பிடிக்கும். பதில் சொல்லும்போது அவர் குரல் மேடைக் குரலாக மாறிவிடும்.

"நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. ஒரே நிறப் பின்னணியில வெச்சுட்டா, பேரு கெடையாது, உறவு கெடையாது. பொண்டாட்டி விரல், மாமியார் விரல், மந்திரி விரல், எல்லாம் ஒண்ணுதான். ஓரம் பொருந்துதா, அதை மட்டும்தான் பாப்போம். இவர் பெரியவர், அவர் சின்னவர்னு பாக்கமாட்டோம். அப்படிப் பாத்தா அதுக்குப் பேருதான் ஓரவஞ்சனை. அதை ஒழிக்கத்தானே நாங்க உக்காந்திருக்கோம்?"

"அப்ப யாரோடதா இருந்தாலும் சரி."

"யாரோடதா இருந்தாலும் சரி."

"சரிங்கய்யா." அவள் பையிலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள். திருத்துனர் அதைப் பார்த்து, தன்னை அறியாமல் தன் கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எங்க வெட்டணும்னு காட்டுங்க. கணுவுக்கு மேலயா, கீழயா? என் கைக்குப் பக்கத்துல உங்க கையை வெச்சுக் காட்டுனீங்கன்னா அளவு தெரிஞ்சுக்கறேன்."

குடிமக்கள் இப்படி ஆர்வத்துடன் ஒத்துழைப்பது அபூர்வம். இயக்குநர் மேசையில் அவள் கைக்கு அருகே தன் வலது கையை வைத்து, விரல்களை நன்றாக விரித்து, இடது கை நகத்தால் ஒரு கோடு இழுத்தார். "இதோ, இந்த எடம். கட்டைவிரல் வேணாம். அது படத்துல..."

அவள் தொழில் தெரிந்தவள். ஒரே வெட்டு. மேசையில் ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நான்கு விரல்களும் வரிசை குலையாமல் அப்படியே கிடந்தன. கையை எடுத்துக்கொண்ட பிறகுதான் இயக்குநர் அலறினார். சுவரில், பழக்கதோஷத்தில், அடுத்த எண் எரிந்தது.

அதன் பிறகு அறையில் நடந்தவை யாவும் விதிப்படி நடந்தன. உதவி இயக்குநர் விதிப் புத்தகத்தைத் திறந்து, கூடுதல் உறுப்பு பெறப்பட்டதும் உடனே தைக்க வேண்டும் என்ற இடத்தைக் கண்டுபிடித்தார். திருத்துனர் விரல்களைக் கழுவி, நடத்துனரின் தோளில் வைத்துப் பார்த்தார். சற்றுப் பருமனாக இருந்தன. சீவினார். நடத்துனர் பல்லைக் கடித்துக்கொண்டு, மனைவியின் வலது கையைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு விரலாக எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. தோளில் ஊசி இறங்கும்போதெல்லாம், "அசையாதீங்க, பல்லுவலி இல்ல இது" என்றாள் அவள்.

"அது என் விரல்!" என்று இயக்குநர் தரையிலிருந்து கத்தினார்.

"சார், கத்தாதீங்க, இவர் தோள் ஆடுது" என்றாள் ஓரம் பார்க்கும் பெண். வெள்ளை நிரப்பினாள்; சுத்தம். கறுப்பு, சுத்தம். சிவப்பு நிரப்பத் தேவையே இருக்கவில்லை. பின்னணி முழுவதும் ஏற்கெனவே அந்த நிறத்தில்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்து நிலைத்தது.

"அதை எடுத்து என் கையில தைங்கடா!"

உதவி இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். "உறுதியான ஓரத்துல கை வெக்கக்கூடாது சார். நீங்க போட்ட விதிதான். இப்ப அந்தக் கோட்டுக்குள்ள இருக்கறதெல்லாம் கண்டக்டர்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, சுவரில் மாட்டியிருந்த இயக்குநரின் அதிகாரபூர்வப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பெரிய படம். கன்னத்தில் கையை ஊன்றி, நாட்டைப் பற்றி யோசிக்கும் பாவனையில் எடுத்தது. கையில் ஐந்து விரல்கள் இருந்தன. உதவி இயக்குநர் படத்தைப் பார்த்தார், தரையில் கிடந்தவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சார், மன்னிச்சுக்கணும். நீங்க யாரு?"

மூடிய வண்டி பின்வாசலிலேயே நிற்பது வழக்கம். இயக்குநரை இருவர் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர், தான் பின்னணி அல்ல என்று தன் குடும்பம், படிப்பு, பெரிய இடத்துத் தொடர்புகள் எல்லாவற்றையும் சொல்லிக் கதறினார். பின்னணியை மிகவும் விரிவாகச் சொன்னார் என்று பிறகு குறிப்பில் எழுதப்பட்டது. உதவி இயக்குநர் காலியான நாற்காலியில் உட்கார்ந்து, அதன் உயரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

நடத்துனரும் மனைவியும் அட்டையை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார்கள்.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். கதவின் கண்ணாடித் துவாரம் வழியாக யாரோ பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நடத்துனரின் தோளை முதலில் பார்த்தார்கள். பிறகு அவள் கைகளைப் பார்த்தார்கள், பத்தும் இருந்தன. அதற்கப்புறம் அவர்களுடைய பார்வை மெல்ல, அந்த இருவரையும் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போயிற்று. புதிய இயக்குநரின் மூக்கு, திருத்துனரின் தாடை, ஓரம் பார்க்கும் பெண்ணின் கம்மல் போட்ட காது என்று ஒவ்வொன்றாக, சந்தையில் காய் பொறுக்குகிறவர்கள்போல் நிதானமாகப் பார்த்தார்கள்.

முன்வரிசையிலிருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"அக்கா, என் படத்துல கன்னத்துப் பக்கம் ஒரு காது கூடுதலா ஒட்டிட்டு இருக்காம். என் தம்பியோடது. அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை."

"ம்."

"அந்தக் கத்தி கொஞ்ச நேரம் கெடைக்குமாக்கா?"

அவள் கத்தியைப் பையிலிருந்து எடுத்து, முனையைத் தன் பக்கம் திருப்பிக் கைப்பிடியை அவரிடம் நீட்டினாள்.

"கழுவிக் குடுத்துரணும். மதியம் எனக்குக் கடை இருக்கு."